போனிலேயே மறுப்பதா, மெயிலில் கேட்பதா?

வெள்ளிக்கிழமை மாலை, சாஃப்ட்வேர் செய்துதரச் சொன்ன வாடிக்கையாளரிடமிருந்து போன்: "விளம்பர மெசேஜுக்குச் சம்மதம்ங்கிற கட்டத்துல டிக்கை நீங்களே போட்டு வச்சிடுங்க சார்." ப்ராஜெக்ட் மேனேஜருக்கு இரண்டு வழி.

அங்கேயே "முடியாது" என்பது ஒன்று. நேர்மைதான். ஆனால் கேட்டவர் பெரும்பாலும் மேலிடம் சொன்னதை ஒப்பிக்கிறவர். முகம் சுருங்கும், அடுத்த முறை நேராக டெவலப்பரையே பிடிப்பார்.

மற்றது, "ஒரு மெயில் போட்டுடுங்க சார், பார்த்துச் சொல்றேன்" என்பது. (முன்னால் 'சரி' சேர்த்துவிடாதீர்கள், ஒப்புக்கொண்டதாகிவிடும்.) பல கோரிக்கைகள் இங்கேயே காணாமல் போகும்; எழுத்தில் கேட்கக் கை வராது. மெயில் வந்துவிட்டால் பதிலில் காரணம் சொல்லலாம்: முன்பே டிக் செய்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-லேயே தீர்ப்பளித்துவிட்டது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பயனரே தெளிவாகச் செய்யும் செயலைத்தான் சம்மதம் என்கிறது. கூடவே மாற்று வழியும் கொடுங்கள்: வெற்றுக் கட்டம், பக்கத்தில் 'வாரம் ஒரு மெசேஜ் மட்டும்' என்று ஒரு வரி.

என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆவணத்தில் கையெழுத்துக்குப் பழைய தேதி போடச் சொல்வதுபோல் அப்பட்டமான மோசடி என்றால் மட்டும் மெயிலெல்லாம் வேண்டாம், போனிலேயே மறுத்துவிடுவேன்.