அமெரிக்கத் தேர்தல் ஸ்பைரல் நோட்ஸ்: வாங்கலாமா?

பழைய வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் போட்டித் தேர்வுக்காரர்களுக்கு விற்கும் இந்த நோட்ஸில் தேர்தல் கணக்கு சுத்தம். அதிபருக்கு 4 ஆண்டு, பிரதிநிதிகள் சபைக்கு 2, செனட்டருக்கு 6. சபை இடங்கள் 435 + செனட் இடங்கள் 100 + தலைநகருக்கு 3, ஆக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் 538 பேர், ஜெயிக்க 270. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில் அதிபர் கட்சி சபையில் இடம் இழப்பதே வழக்கம். 1934, 1998, 2002 விதிவிலக்கு என்பதும் இருக்கிறது.

வீட்டோ (மசோதாவை அதிபர் நிராகரிப்பது) பக்கம்தான் சொதப்பல். அதை முறியடிக்க மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்கிறது. தப்பு. கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்தால் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு, அதுவும் இரு அவைகளிலும் தனித்தனியாக. சபையை அதிபர் கலைக்கலாம் என்ற வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். நம்ம மக்களவை நினைப்பில் தட்டியிருக்கிறார்கள் போல. ஓரம் குறுகல், பைண்டிங் துளை எழுத்தைத் தின்கிறது.