16 கேஜ் என்றால் எத்தனை மி.மீ.? வட்டக் கேஜோடு ஆறு வருடம்

தகட்டின் தடிமனை ‘கேஜ்’ என்ற எண்ணாகக் காட்டும், ஓரம் முழுக்க எண் போட்ட வெட்டுகள் உள்ள அந்த வட்டக் கேஜை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். வாங்கிய புதிதில் தகட்டை வெட்டின் அடியில் இருக்கும் வட்டத் துளைக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் (சிரிக்காதீர்கள், நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள்). அளவு மேலே உள்ள குறுகிய வெட்டில்தான்.

என்னுடையது சாதாரண இரும்புத் தகட்டுக்கானது. அது தெரியாமல் ஒரு மெஷினுக்கு மூடி செய்ய 16 கேஜ் அலுமினியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 1.52 மி.மீ. வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தது 1.29. கொடுத்தவர் மேல் தப்பில்லை, அலுமினியத்துக்கு 16 என்றால் அதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதே 16 என்பது 1.59, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் பூச்சோடு சேர்த்து 1.61. எண் ஒன்று, தடிமன் நாலு! அலுமினியத்தின் விறைப்பே இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், அதோடு தடிமன் குறைந்தால் விறைப்பு அதன் மும்மடிக் கணக்கில் குறையும் (தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று), ஆக நான் நினைத்த இரும்பு மூடியோடு பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது என்றுதான் சொல்ல வேண்டும், மெஷினைப் போட்டதும் மூடி தகரம் மாதிரி அதிர்ந்தது.

அப்புறம் தடிமனை மி.மீ.யில் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கினேன். இப்போது யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் மி.மீ.தான், கேஜ் எண்ணே கிடையாது. வெட்டிய ஓரத்தில் பிசிறு இருக்கும், அரம் போட்டு எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நாலு இடத்தில் அளக்கிறேன். பெயின்ட் அடித்த தகடு என்றால் ஒரு மூலையில் சுரண்டிவிட்டுத்தான்.

கருவியே கையில் இல்லாத நாளில் தராசு போதும். 1 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 20 செ.மீ.க்கு 20 செ.மீ. துண்டு என்றால் மி.மீ.க்கு 314 கிராம். துண்டு 380 கிராம் வந்தால் 1.21 மி.மீ., அதாவது 18 கேஜ்.

சரி, வட்டக் கேஜைத் தூக்கிப் போட்டுவிட்டேனா? இல்லை. குவியலில் கிடக்கும் இரும்புத் துண்டுகளைப் பிரிக்க அதைவிட வேகமானது எதுவும் இல்லை. என்ன, அதிகம் புழங்கியதில் 20-ஆம் எண் வெட்டு தேய்ந்துபோய், கொஞ்சம் தடித்த தகட்டையும் 20 என்றே காட்டுகிறது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.