சேப்பாக்கமா, பெரியமேடா, எழும்பூரா: குழந்தைகளோடு போக எது சரி?

பிள்ளைகளை முதன்முதலாக ஒரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பேச்செடுத்தாலே சென்னையில் எல்லோர் வாயிலும் வருவது சேப்பாக்கம்தான். மஞ்சள் சட்டை, விசில், தோனி. அந்த ஆசை நியாயமானது. ஆனால் எட்டு வயதுக்குள் குழந்தை இருக்கிற வீட்டுக்கு, கூடவே தாத்தா பாட்டியும் கிளம்புகிற குடும்பத்துக்கு, ஐபிஎல் மேட்சைப் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன். அதைவிடக் குறைந்த செலவில், கிட்டத்தில் உட்கார்ந்து, நடப்பது புரிந்து பார்க்கிற இடங்கள் இதே ஊரில் இருக்கின்றன: பெரியமேட்டில் கபடி, எழும்பூரில் ஹாக்கி.

முதலில் சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2024, 2025 சீசன்களில் சென்னை அணியின் மேட்சுக்குக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். நான்கு பேர் போனால் 6,800. அதுவும் ஆன்லைனில் வரிசையில் நின்று, கிடைத்தால். ராத்திரி மேட்ச் 7:30 மணிக்குத் தொடங்கினால் முடிய பதினொன்றரை ஆகிவிடும். வெளியே வந்து, கூட்டத்தோடு நகர்ந்து, வீடு சேரும்போது நாள் மாறியிருக்கும். சரி, பகல் மேட்சுக்குப் போகலாம் என்றால் அது 3:30 மணிக்கு, சித்திரை வெயிலில். பையும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே அனுமதி இல்லை. சின்னக் குழந்தையை வைத்திருக்கிறவர்களுக்கு இது என்ன கஷ்டம் என்று தெரியும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மறுப்பு வேறு. மேல் வரிசையில் உட்கார்ந்த ஆறு வயதுக் குழந்தைக்குப் பந்து தெரியாது. அது பெரிய திரையைத்தான் பார்க்கும். வீட்டு டிவியில் இதைவிடத் தெளிவாகத் தெரியும். பத்தாவது ஓவரில் தூக்கம் வரும், பதினைந்தாவது ஓவரில் அழுகை வரும், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் அப்பாவோ அம்மாவோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நிற்பார்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே விடவும் மாட்டார்கள்.

பதினொன்று, பன்னிரண்டு வயதாகி, யார் எந்த ஓவர் போடுவார்கள் என்று வீட்டில் வாதம் பண்ணுகிற பிள்ளை என்றால் என் பதில் மாறும். அந்த வயதில் சேப்பாக்கத்துக்கு ஈடு எதுவுமில்லை. போய்வருவதும் முன்னைவிட எளிது. அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம், பறக்கும் ரயிலுக்குச் சேப்பாக்கம் ஸ்டேஷனே இருக்கிறது. கடந்த சில சீசன்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போய்வரவும் முடிந்தது.

கிரிக்கெட்தான் வேண்டும், ஐபிஎல் நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு டெஸ்ட் மேட்சைத்தான் சொல்வேன். காலையில் தொடங்கும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிவிட்டாலும் நஷ்டம் இல்லை. 2024 ஜூனில் இதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியப் பெண்கள் அணி 6 விக்கெட்டுக்கு 603 ரன் எடுத்து, பெண்கள் டெஸ்டில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்டது. ஷஃபாலி வர்மா 205. அதே ஆண்டு செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக அஸ்வின் சொந்த ஊரில் சதமும் அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். பெண் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் அடுத்த பெண்கள் மேட்ச் எப்போது வருகிறது என்று கவனித்துக்கொண்டே இருங்கள். டெஸ்டின் ஒரே குறை, அடிக்கடி வராது.

இப்போது பெரியமேடு. நேரு உள் விளையாட்டரங்கில் கபடி நடக்கும் நாட்கள்தான், என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு முதல் ஸ்டேடியம். காரணங்கள் எளிமையானவை. களமே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். எந்த இருக்கையிலிருந்தும் ஆளின் முகம் தெரியும். ஒரு ரெய்டு, அதாவது ஒருவர் எதிரணிப் பக்கம் புகுந்து தொட்டுவிட்டுத் திரும்பும் முயற்சி, 30 வினாடி. ஆட்டம் 20 நிமிடம், ஐந்து நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். குழந்தையின் கவனம் சிதறுவதற்குள் அடுத்த ரெய்டு வந்துவிடும். மேலே கூரை இருப்பதால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

விதிகளை முந்தின நாளே மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்துவிடலாம். தொட்டுவிட்டுத் திரும்பினால் பாயின்ட், பிடிபட்டால் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் நிற்கும்போது ரெய்டரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு பாயின்ட், அதுதான் சூப்பர் டேக்கிள். அவ்வளவு தெரிந்தால் போதும். தாத்தாவுக்கோ எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சடுகுடு ஆடி வளர்ந்த தலைமுறை அது, பிடி எங்கே விட்டுப்போனது என்று நமக்கே விளக்குவார்கள். பேரனும் தாத்தாவும் ஒரே ஆட்டத்தை ஒரே அளவு ரசித்துப் பார்ப்பது கபடியில்தான் அதிகம் நடக்கிறது.

குறைகளும் உண்டு. புரோ கபடி லீக் சென்னைக்கு வந்தாலும் சில நாட்களோடு முடிந்துவிடும், வராமலே போகும் ஆண்டும் உண்டு. ஆட்டம் இரவு எட்டு மணிவாக்கில்தான் ஆரம்பிக்கும். முதல் மேட்சோடு கிளம்பிவிடுவது நல்லது. மூடிய அரங்கில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்கு ஆகாது. அந்த லீக்கில் 2017இல் களமிறங்கிய நம் அணி தமிழ் தலைவாஸ் இன்னும் கோப்பை வாங்கவில்லை என்ற வருத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல கதை இந்த ஊரிலேயே இருக்கிறது. கண்ணகி நகர் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். தினமும் பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அந்தப் பெயர் பக்கத்து வீட்டுப் பெயர் மாதிரி.

அதே பெரியமேட்டு வளாகத்தில், வெளியே இருக்கிற பெரிய ஸ்டேடியத்தில் கால்பந்து. 2015இலும் 2017-18இலும் இந்தியக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ‘சென்னையின் எஃப்சி’ அணியின் வீடு அது. சென்ட்ரல் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் போவதில் சிரமமே இல்லை, ஆட்டமும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இருக்கைக்கும் புல்வெளிக்கும் நடுவே ஓடுபாதை இருக்கிறது. ஆட்டம் தள்ளிப்போய்விடுகிறது. கால்பந்து ஆடுகிற பிள்ளைக்குச் சரி. மற்றபடி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வியாசர்பாடிப் பக்கம் ஏதாவது ஒரு மைதானத்தின் ஓரம் நின்றால் பந்து காலடிக்கே வந்து விழும். டிக்கெட்டும் கிடையாது.

எழும்பூரைப் பற்றித்தான் நான் அதிகம் வருத்தப்படுகிறேன், ஏனென்றால் நல்ல ஆட்டத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டுகிற இடத்தை நம் குடும்பங்கள் கண்டுகொள்வதே இல்லை. மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியம், எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். நீலத் தரையில் மஞ்சள் பந்து உருள்வதைக் குழந்தை கண்ணால் பின்தொடர முடியும். 15 நிமிடக் கால்பகுதி நான்கு, இடைவேளையெல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். எதிரணியின் தவறுக்காகக் கோலுக்குக் கிட்டத்தில் கிடைக்கிற வாய்ப்பான பெனால்டி கார்னர் கொடுத்தவுடன் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில வினாடிகளில் என்ன நடக்கப்போகிறது என்று ஏழு வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இங்கேதான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் பாதி நேரத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, மூன்றாவது கால்பகுதியின் முடிவில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்து, கடைசி நிமிடங்களில் 4-3 என்று ஜெயித்தது. 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது டிக்கெட் இலவசம். உலகக் கோப்பை, இலவசம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்த நம் பையன்கள் அர்ஜென்டினாவை 4-2 என்று வீழ்த்தினார்கள். இப்படிப்பட்ட பெரிய போட்டி இல்லாத காலத்திலும் எம்சிசி-முருகப்பா தங்கக் கோப்பை மாதிரியான அகில இந்தியப் போட்டிகள் இந்த மைதானத்துக்கு வருகின்றன. ரயில்வே அணியும் ராணுவ அணியும் மோதுகிற ஒரு மாலை, குழந்தைக்கு ஹாக்கி மட்டை கேட்க வைத்துவிடும். சாப்பாட்டுக்கு உள்ளே பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள், எழும்பூரில் ஹோட்டலுக்கா பஞ்சம்.

ஆக, ஒன்பது வயது வரை கபடி அல்லது ஹாக்கி, அப்புறம் டெஸ்ட், அதற்கும் அப்புறம் ஐபிஎல். இதுதான் என் வரிசை.

விளையாட்டே பிடிக்காத வீடுகளும் உண்டு. அவர்களுக்கு ஜனவரியில் இரண்டு தேர்வு. ஒன்று தீவுத்திடல் பொருட்காட்சி. நுழைவுக் கட்டணம் குறைவு, ஆனால் பர்ஸ் உள்ளேதான் கரையும். ராட்டினத்துக்குத் தனி, குட்டி ரயிலுக்குத் தனி, டெல்லி அப்பளத்துக்குத் தனி, மிளகாய் பஜ்ஜிக்குத் தனி. இரண்டு குழந்தைகள் இருந்தால் ராட்டினச் செலவே நுழைவுச் சீட்டைப்போலப் பல மடங்கு ஆகும். எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகிற அரசுத் துறை அரங்குகளில்தான் அணை மாதிரிகளும் ரயில் மாதிரிகளும் இருக்கும். குழந்தைகளை அங்கே நிறுத்தி நிதானமாகப் பார்க்க விடுங்கள், காசும் மிச்சம்.

இன்னொன்று பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா. 2007இல் தொடங்கி, நடுவில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2023 முதல் மறுபடி நடக்கிறது. பறை, கரகம், காவடி, தெருக்கூத்து, தோல்பாவைக் கூத்து எல்லாம் எலியட்ஸ் கடற்கரை, கே.கே. நகர் சிவன் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா மாதிரியான இடங்களுக்கே வந்துவிடுகின்றன. முற்றிலும் இலவசம், வீட்டுக்குப் பக்கத்து இடமாகப் பார்த்துப் போகலாம். முக்கியமாக, பாட்டிக்குக் கால் வலித்தால் உடனே எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டில் சங்கமத்துக்குத்தான் என் ஓட்டு. அடவு கட்டுகிற கலைஞர் நான்கடி தூரத்தில் ஆடுவதைப் பார்த்த குழந்தை மறுநாள் வீட்டில் தகரப்பெட்டியைத் தட்டாமல் இருக்காது.

எதற்குப் போனாலும் திரும்பி வரும் வழியை முதலில் யோசியுங்கள். 2023 செப்டம்பரில் பனையூரில் நடந்த பெரிய இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். நெரிசலில் பிள்ளைகளும் பெற்றோரும் பிரிந்துபோனார்கள். 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படைச் சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் வெயிலும் நெரிசலும் சேர்ந்து 5 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு இடத்திலும் நிகழ்ச்சியில் குறை இல்லை. அத்தனை பேர் ஒரே நேரத்தில் வரவும் வெளியேறவும் வழி போதவில்லை. இலவச நிகழ்ச்சி, ஒரே இடம், ஒரே வேளை என்று மூன்றும் சேர்ந்தால் சின்னக் குழந்தைகளோடு போகாதீர்கள். டிவியில் பாருங்கள், தப்பே இல்லை.

காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதை அந்த ஒரு நாளோடு விட்டுவிட வேண்டாம். ஹாக்கிக்கோ பொருட்காட்சிக்கோ கிளம்பும்போதும் ஒரு துண்டுத் துணிப் பட்டையில் அழியாத மையால் இரண்டு எண்களை எழுதி, வாசல் தாண்டும் முன்பே மணிக்கட்டில் கட்டிவிடுங்கள். அப்பா எண் ஒன்று, வீட்டிலேயே இருக்கப்போகிற யாராவது ஒருவரின் எண் ஒன்று. கூட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காதபோது இரண்டாவது எண்தான் எடுக்கும்.