தி லைட்ஹவுஸ்: ஜூம் பண்ணாமல் பாருங்கள்

1890-கள், அமெரிக்கக் கடலோரத்தில் ஆளில்லாத பாறைத் தீவு. கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர், நாலு வார வேலை. நம்ம ஐகோர்ட் கோபுரத்து உச்சியில் விளக்கு எரியத் தொடங்கியதும் அதே காலம்தான், 1894. அங்கே வேலை முடித்துக் கீழே இறங்கினால் பாரிமுனைக் கூட்டம். இந்தப் படத்தில் இறங்கினாலும் எதிரே அதே ஒரு கிழவன்.

ராபர்ட் எக்கர்ஸ் இயக்கி 2019-ல் வந்த இந்தப் படத்தில் பேய் எப்போ வரும் என்று காத்திருக்காதீர்கள். பயமே நாள் கணக்கு தப்புவதில்தான் இருக்கிறது. புயலில் அழைத்துப்போக வேண்டிய படகு வரவில்லை. ஒரு நாள்தான் தள்ளிப்போனது என்று நினைக்கிறான் இளையவன் (ராபர்ட் பாட்டின்சன்). வாரக்கணக்காச்சு என்கிறான் கிழவன் (வில்லெம் டஃபோ). யார் சொல்வது சரி என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். புயல் கூண்டு ஏற்றி, படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும் காசிமேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு சட்டென்று புரியும்.

இனி முக்கியமான விஷயம். படத்தின் ஃபிரேம் 1.19:1, கிட்டத்தட்ட சதுரம். 43 இன்ச் டிவியின் 95 செ.மீ. அகலத்தில் படம் வருவது சுமார் 64 செ.மீ. மட்டும், இரண்டு பக்கமும் கறுப்பு. டிவி கெட்டுப்போச்சு என்று ஜூம் போட்டால் தலையும் தாடையும் வெட்டுப்படும். மூச்சு முட்டுவதற்காகவே சுவரை அவ்வளவு கிட்டே நிறுத்தியிருக்கிறார்கள். அதை அகலமாக்கினால் படமே போச்சு.

பிக்சர் மோடில் 'விவிட்' வேண்டாம், இது கறுப்பு வெள்ளைப் படம், நீலம் பாய்ந்துவிடும். 'மூவி' வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீரியல் மாதிரி வழுக்கும். பழங்கால பிலிமில் சிவப்பு பதியாது, கறுப்பாகத்தான் தெரியும். அந்தத் தோற்றம் வரவே ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே தனி ஃபில்டர் செய்ய வைத்தார். முகத்துச் சிவப்பு, வெடிப்பு எல்லாம் கறுத்துத் தெரிகிறது. கிழவனின் கன்னமே பாறை மாதிரி இருக்கும். ஆஸ்கர் பரிந்துரை சும்மா வரவில்லை.

ஒலி இன்னும் முக்கியம். மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதலின் அடித்தொனியை டிவியின் சின்ன ஸ்பீக்கர் தராது, மூக்கொலி மட்டும்தான் கேட்கும். நல்ல ஹெட்போன் போடுங்கள். வசனத்தைத் தூக்கிக்காட்டும் 'கிளியர் வாய்ஸ்' இருந்தால் நிறுத்துங்கள், ஊதல் அமுங்கிப்போகும். பழைய மாலுமி இங்கிலீஷ் என்பதால் சப்டைட்டில் கட்டாயம்.

குறை உண்டு. குடி, கட்டிப்பிடி, சண்டை என்று பின்பாதியில் ஒரே சுற்று சுற்றுகிறது. பத்து நிமிஷம் வெட்டியிருக்கலாம். குழந்தைகளோடு பார்க்கிற படமும் இல்லை. ஆனால் இளையவன் ஒரு கடற்காகத்தைத் தொட்டிச் சுவரில் அடித்துக் கொல்லும் காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். அடுத்த ஷாட்டிலேயே காற்றுத்திசைகாட்டி மெதுவாகத் திரும்பும். ஒரு வசனமும் இல்லை. புயல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.