கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரத்தை அப்படியே நம்பலாம், நேரத்தை நம்பக் கூடாது

இரண்டு நாட்டு ஊர்களுக்கு நடுவே வான்வழித் தூரம் பார்க்க இணையத்தில் எத்தனையோ கருவிகள் உண்டு. தூரத்தைத் துல்லியமாகச் சொல்வதில் கிரேட் சர்க்கிள் மேப்பருக்குத்தான் முதலிடம். இலவசம். கணக்குத் தொடங்கச் சொல்லித் தொல்லை செய்யாது. இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டை நடுவில் ஒரு சிறு கோடு போட்டு அடித்தால் போதும், வரைபடத்தில் பாதையும் கீழே தூரமும் வந்துவிடும்.

துல்லியத்துக்குக் காரணம், பூமியைப் பந்தாக எடுக்காமல் துருவத்தில் தட்டையான உருவமாகவே எடுத்துக் கணக்கிடுவதுதான். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடிக்கு, பூமியை 6,371 கி.மீ. ஆரம் கொண்ட பந்தாக எடுத்தால் தூரம் 5,540 கி.மீ. வரும், இதில் சுமார் 5,555 வரும். இரண்டு தளங்கள் இரண்டு எண் காட்டினால் பெரும்பாலும் இதுதான் விஷயம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அலகைப் பாருங்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதா மைல் 1.609 கி.மீ. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஊர்ப் பெயரை நம்பாமல் நிலையத்தின் குறியீட்டையே கொடுங்கள். டோக்கியோவின் இரண்டு விமான நிலையங்களான நரிதாவுக்கும் ஹனேடாவுக்கும் இடையிலேயே 60 கி.மீ. இருக்கிறது.

நேரத்தில்தான் சிக்கல். வேகம் கொடுத்தால் நேரமும் காட்டும், ஆனால் அது வெறும் வகுத்தல். மணிக்கு 900 கி.மீ. வைத்தால் ஹீத்ரோ–கென்னடிக்கு 6 மணி 10 நிமிடம். ஏறி இறங்க அரை மணி சேர்த்தாலும் 6 மணி 40 நிமிடம்தான். அட்டவணையிலோ மேற்கே போக 8 மணி நேரம், கிழக்கே திரும்ப 7 மணி நேரம் என்ற அளவில் இருக்கும். ஓடுபாதை வரை உருண்டு போகும் நேரமும் அட்டவணையில் அடங்கும். அதைவிட முக்கியம், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று அந்தக் காற்றின் தயவில் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. எந்தத் தூரக் கருவிக்கும் இது தெரியாது.

மூடிய வான்வெளியும் இதற்குத் தெரியாது. ஹெல்சிங்கி–நரிதா நேர்ப்பாதை சுமார் 7,800 கி.மீ. என்று ரஷ்யாவின் மேலேயே கோடு போடும். 2022 முதல் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் அந்த வழியில் பறப்பதில்லை. முன்பு ஒன்பதரை மணியில் முடிந்த பயணம் இப்போது 13 மணி. இதற்குக் கருவியிலேயே வழி இருக்கிறது: நடுவில் ஒரு நிலையத்தைச் செருகுங்கள். ஹெல்சிங்கி–ஆங்கரேஜ் (அலாஸ்கா)–நரிதா என்று மூன்று குறியீட்டைக் கோர்த்தால் சுமார் 12,000 கி.மீ. காட்டும். 900-ஆல் வகுத்தால் 13 மணி 20 நிமிடம். விமானம் ஆங்கரேஜில் இறங்குவதில்லை. வடதுருவம் சுற்றி வரும் பாதைக்கு அது ஒரு அடையாளப் புள்ளி, அவ்வளவே.

இறங்கும் ஊரின் உள்ளூர் நேரம் வேண்டுமானால் வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும். லண்டன்–நியூயார்க் நேர வித்தியாசம் வழக்கமாக 5 மணி. ஆனால் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடை நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் மாறுவதால், இடைப்பட்ட வாரங்களில் அது 4 மணிதான்.