கழற்றிப் பூட்டும் மூளை மாதிரியுரு: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினேழு வருடங்களாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மூளையை எப்போதும் கரும்பலகையில் வரைந்துதான் காட்டுவேன். நடுவில் வெட்டிய ஒரு படம், மூன்று அம்புக்குறிகள்: மூளையம் (பெருமூளை), மூளி (சிறுமூளை), நீள்வளைய மையவிழையம் (முகுளம்). சாதாரண தரப் பரீட்சைக்கு அது போதும். சென்ற வருடம் தை மாதம், கண்டியில் ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் இந்த மாதிரியுருவை வாங்கினேன். விலை 14,500 ரூபாய். பாதியைப் பழைய மாணவர்கள் கொடுத்தார்கள், மீதி என் சம்பளத்திலிருந்து. மடியில் வைத்தபடியே பஸ்ஸில் ஹட்டன் வரை கொண்டு வந்தேன்.

இயற்கை அளவிலான பிளாஸ்டிக் மூளை இது. நடுவில் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் மறுபடி நான்காகப் பிரியும்: நெற்றிப்பக்கமும் உச்சியும் சேர்ந்த துண்டு, காதோரமும் பிடரியும் சேர்ந்த துண்டு, மூளித் துண்டு, மூளைத்தண்டுத் துண்டு. அடியில் ஓடும் நாடி, அதாவது மூளைக்கு இரத்தம் கொண்டு வரும் குழாய், தனியாகக் கழன்று வரும். ஆக ஒன்பது துண்டுகள். துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டுவது சிறிய இரும்பு ஊசிகள்.

முதலில் மூளியைச் சொல்ல வேண்டும், வகுப்பை எழுந்து நிற்க வைத்தது அதுதான். பாதியாக வெட்டிய மூளியின் உட்பக்கத்தில் வெண்பொருள் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும். பழைய உடற்கூற்றியலாளர்கள் அதற்கு 'உயிர் மரம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். என் வகுப்பில் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சேர், இது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி" என்றாள். ஒரு தண்டு, அதிலிருந்து வளைந்து விரியும் கிளைகள், கிளை நுனியில் இன்னும் சிறிய கிளைகள். அவள் சொன்னது அச்சொட்டாகச் சரி. நடக்கும்போது தடுமாறாமல் இருப்பதும், கொழுந்து பறிக்கும் விரல்கள் பார்க்காமலே தாளம் தப்பாமல் ஓடுவதும் இந்தச் செடியின் வேலை என்று சொன்னபோது யாரும் குறிப்பெடுக்கவில்லை. எல்லோரும் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்பரப்பின் மடிப்புகளும் நன்றாக வார்க்கப்பட்டிருக்கின்றன. மடிப்புகளை விரித்தால் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 சதுர சென்டிமீற்றர் வரும் என்பதைப் புரியவைக்க, பத்திரிகையின் ஒரு பக்கத்தைக் கசக்கிக் கைக்குள் அடக்கச் சொன்னேன். பிறகு மாதிரியுருவைத் தொட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய பரப்பு எப்படி ஒரு மண்டைக்குள் அடங்குகிறது என்று நான் விளக்கவே தேவைப்படவில்லை.

இனிக் குறைகள். துண்டுகளில் எண்கள் மட்டுமே இருக்கின்றன. அவற்றின் பெயர்கள் உள்ள தாள் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான் இருந்தது. இணையத்தில் தேடினால் பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று தமிழ்நாட்டுச் சொற்கள் வருகின்றன. அவை நல்ல சொற்கள்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் வினாத்தாளில் மூளையம், மூளி என்றுதான் வரும். இரண்டு இரவுகள் உட்கார்ந்து நானே சீட்டு எழுதி ஒட்டினேன். ஆனி மாத மழையில் ஈரம் ஏறி, ஒட்டிய சீட்டுகளில் பாதி உரிந்துவிட்டன. அத்தோடு, வாங்கிய முதல் வாரத்திலேயே மூளித் துண்டில் ஓர் ஊசி கழன்று விழுந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். பெட்டியைத் திறந்த பிறகு மாற்றித் தர முடியாது என்றார்கள். பாடசாலைக்கு வாங்கிய பொருளுக்கு அப்படிப் பதில் சொன்னது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பெரிய குறை வேறொன்று. இடது மூளை வலது உடலை ஆள்கிறது என்று படிப்பிக்கிறோம். அந்த நரம்பு நார்களில் பெரும்பகுதி இடம் மாறிக் கடப்பது நீள்வளைய மையவிழையத்தின் கீழ்ப்பகுதியில், நடுக்கோட்டில். இந்த மாதிரியுரு வெட்டப்பட்டிருப்பதும் அதே நடுக்கோட்டில்தான். அதனால் கடக்கும் இடத்தை இதில் காட்டவே முடியாது. நான் இரண்டு சிவப்பு நூல்களை மேலிருந்து கொண்டு வந்து, அந்த இடத்தில் குறுக்காகப் பிடித்துக் காட்டுகிறேன். பளபளப்பான இந்தக் கடினப் பிளாஸ்டிக்கைப் பார்த்து உண்மை மூளையும் இப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. உயிருள்ள மூளை சட்டித் தயிர் போல மெத்தென்றது. 1.4 கிலோகிராம் அளவான அந்த நிறை, மூளையைச் சூழ்ந்த திரவத்தில் மிதப்பதால் ஏறத்தாழ 50 கிராமின் பாரத்தோடுதான் அடியில் அமர்கிறது. இதை வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை குறை சொல்லியும் நான் இதை வாங்கச் சொல்வதற்குக் காரணம் நாடிகள். அடிப்பக்கத்தைத் திருப்பினால் சிவப்பு நாடிகள் ஒரு வளையமாகக் கூடுவது தெரியும். 1664இல் வெளிவந்த தன் நூலில் அந்த வளையத்தை விளக்கியவர் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர், பின்னாளில் லண்டன் சென் போல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென். வளையத்திலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும் நடு நாடி, காதோரத் துண்டுக்கும் நெற்றித் துண்டுக்கும் இடையிலுள்ள பிளவுக்குள் நுழைகிறது. காதோரத் துண்டைக் கழற்றினால் அது போகும் வழி அப்படியே திறக்கும். உடல் நிறையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் 20 சதவீதம் அளவைச் செலவிடுகிறது. அத்தனையும் இந்த மெல்லிய குழாய்களால் வருகிறது.

இதை நான் அதிபரின் அனுமதியோடு ஒரு சனி ஞாயிறு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து அப்போது எட்டு மாதம். பேக்டரி ரோலர் அறையில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர். வலது கை தூக்க முடியாது. "வந்து, வந்து" என்பதைத் தவிர வேறு சொல் வராது. ஆனால் சொல்வதெல்லாம் விளங்கும். அம்மாவுக்கு அதுதான் பிடிபடவில்லை. "விளங்குகிறது என்றால் ஏன் வாயைத் திறந்து சொல்லக்கூடாது? என் மேல் கோபம் தம்பி" என்று அழுவார்.

அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இடது பாதியைத் திறந்தேன். நாடி நுழையும் பிளவுக்கு மேலே, நெற்றித் துண்டின் கீழ் ஓரத்தை அவர் விரலைப் பிடித்துத் தொடச் செய்தேன். 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஓர் ஒலியை மட்டுமே சொல்லக்கூடிய ஒரு நோயாளி இறந்த பின் அவர் மூளையைத் திறந்து பழுது கண்ட இடம் இதுதான் என்றேன். பேச்சை விளங்கிக்கொள்ளும் இடம் பிளவுக்குக் கீழே, இன்னும் பின்னால். அப்பாவுக்குப் பெரிதும் பழுதாகியிருப்பது இந்த இரண்டில் முன்பக்கத்து இடம்தான். அம்மா அந்த இரண்டு இடங்களையும் மாறி மாறித் தடவினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியானால் மாசி மாதம் தப்புச் சத்தம் கேட்டதும் காமன் கூத்துப் பாட்டை எப்படி வரி தப்பாமல் பாடினார்?"

உண்மைதான், பாடினார். நானும் கேட்டேன். பேச்சு இழந்தவர்களில் பலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விடயம். பாட்டில் வலது பாதிக்கும் பங்கு உண்டு. அந்த வலது பாதியை எடுத்து, பழுதில்லாமல் முழுதாக இருப்பதை அம்மாவின் கையில் வைத்தேன். அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் நீண்ட கேள்வி கேட்பதில்லை. "தேத்தண்ணியா, சுடுதண்ணியா?" என்று இரண்டு கோப்பைகளையும் காட்டுகிறார். அப்பா தலையசைக்கிறார்.

ஒன்றை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா விழுந்த அன்று, காற்றுச் சேட்டை என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாலை வரை வைத்திருந்தோம். நாடியை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெரிய நாடி அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாய் கோணினால், ஒரு கை சோர்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெயைத் தேட வேண்டாம், வாகனத்தைத் தேடுங்கள். இந்தப் பாடத்தை இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் நடு நாடியைக் கையில் பிடித்தபடிதான் நடத்துகிறேன்.

வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: நாடிகள் இல்லாத எட்டுத் துண்டு மாதிரியுரு விலை குறைவு, ஆனால் அதை எடுக்காதீர்கள். கடையிலேயே எல்லாத் துண்டுகளையும் ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பாருங்கள், ஊசிகள் ஆடாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சீட்டுகளைத் தாளில் எழுதாமல் அழியாத மையால் பிளாஸ்டிக்கிலேயே எழுதுங்கள். எங்கள் பக்க மழைக்கு அதுதான் தாங்கும்.