மொட்டை மாடியில் மூன்று கோடை: இயற்பியலுக்குக் கட்டுப்பட்டதா நியூரல் நெட்வொர்க்?

வேலூர் சத்துவாச்சாரியில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அக்னி நட்சத்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெயில் இறங்கிய பிறகும் தளம் அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். அறை எத்தனை மணிக்குத் தூங்கத் தோதாகும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஆசையில்தான் 2023 கோடையில் நியூரல் நெட்வொர்க்கில், அதாவது தரவைப் பார்த்துத் தானே பழகிக் கணிக்கும் கணினி நிரலில், இறங்கினேன். தட்டோட்டையும் சேர்த்துத் தளம் 15 செ.மீ. மேலே, கீழே, நடுவில் துளையிட்டு என மூன்று வெப்ப உணரிகள். "மழைக்கு ஒழுகினால் நீதான் பூச வேண்டும்" என்றார் அப்பா.

வெறும் தரவில் பழகிய முதல் நெட்வொர்க் மார்ச், ஏப்ரலை அப்படியே ஒப்பித்தது. மே மாதத்தில் உளறியது. மேலே சூடு ஏறிய நிமிடமே கீழேயும் ஏறும் என்றது. உண்மையில் மதியம் 2 மணியின் உச்சம் கீழே வந்து சேர ஏறக்குறைய நான்கு மணி நேரமாகும்.

பிறகு ரைசி, பெர்டிகாரிஸ், கார்னியாடாகிஸ் மூவரும் 2019-இல் வெளியிட்ட, தரவோடு இயற்பியல் விதியையும் நெட்வொர்க்குக்குப் பழக்கும் முறைக்கு மாறினேன். (லகாரிஸ் குழு 1998-இலேயே இந்த வழியில் நடந்திருக்கிறது.) தளத்துக்குள் சில ஆயிரம் புள்ளிகளைத் தேர்ந்து, அங்கெல்லாம் வெப்பச் சமன்பாட்டை (பொருளுக்குள் சூடு எப்படிப் பரவும் என்று சொல்லும் விதியை) நெட்வொர்க் எவ்வளவு மீறுகிறதோ அவ்வளவு அபராதம் விதிப்பதுதான் முறை. எங்கள் ஊர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் காவலர் நிற்கும்போது மட்டும் ஹெல்மெட் மாட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே குணம் இதற்கும் உண்டு. புள்ளி இல்லாத இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதைவிடத் தந்திரமும் தெரியும். ஒருநாள் அபராதம் பூஜ்யத்தை நெருங்கிவிட்டது என்று மகிழ்ந்து வரைபடத்தைத் திறந்தால், எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் ஒரே வெப்பநிலை! மாறாத வெப்பநிலையும் வெப்பச் சமன்பாட்டின் தீர்வுதானே. சட்டத்தில் குற்றமில்லை, உணரிகளைத்தான் அது மதிக்கவில்லை. சமன்பாட்டை மீறினால் ஓர் அபராதம், உணரிகளின் அளவை மீறினால் ஓர் அபராதம் என இரண்டுக்கும் இடையே எடை பார்த்துப் பார்த்தே ஒரு கோடை போயிற்று.

2024-இல் வழி மாற்றினேன். மேல், கீழ் உணரிகளின் அளவுகளையும் தொடக்க நிலையையும் விடையின் வடிவத்திலேயே பொதிந்து, நெட்வொர்க்கின் பங்கு அந்த ஓரங்களில் தானாகவே பூஜ்யமாகும்படி பெருக்கிவிட்டேன். இனி மீறவே வழியில்லை. ஆனால் தளத்தின் உள்ளே சமன்பாடு இன்னும் அபராதத்தை நம்பித்தான் நிற்கிறது. நேரத்தை வினாடியிலும் தடிமனை மீட்டரிலும் கொடுக்காமல் இரண்டையும் 0 முதல் 1 வரை சுருக்கியதும் பெரிதும் உதவியது.

உண்மையிலேயே பயன்பட்டது ஒரே இடத்தில்: நடு உணரியை வைத்துத் தளத்தின் வெப்பப் பரவல் எண்ணை (சூடு அதனுள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவை) கண்டுபிடித்ததில். வினாடிக்கு 0.7 சதுர மில்லிமீட்டர் என்றது. கான்கிரீட்டுக்குப் பொருந்தும் எண். ஆனால் கோடை மழை பெய்த வாரத்தில் அதுவே 1.1 ஆகிவிட்டது. தட்டோட்டில் ஊறிய நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகும். என் சமன்பாட்டில் நீரே கிடையாது. சமன்பாடு பொய் என்று சொல்ல நெட்வொர்க்குக்கு வழியில்லை, எனவே எண்ணைத் திருகிச் சமாளித்தது. விதிக்குக் கீழ்ப்படியத்தான் செய்தது, நான் எழுதிக்கொடுத்த அரைகுறை விதிக்கு.

கணிப்புக்கு மட்டும் என்றால் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எண் தெரிந்த பிறகு, தளத்தைச் சிறு அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிடும் பழைய முறை அதே மடிக்கணினியில் ஒரு நொடிக்குள் முடிகிறது. நெட்வொர்க்குக்கு நாற்பது நிமிடம். 2025 கோடையில் அந்த எண்ணுக்காக மட்டும் அதை எழுப்பினேன்.

நான்கு மணி நேரத் தாமதத்தைக் கேட்ட அப்பா, ஆறு மணிக்குத் தளத்தில் தண்ணீர் தெளிப்பதை மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டார். அறை சீக்கிரம் குளிர்கிறது. என் எண்தான் தினமும் கெட்டுப்போகிறது.